ஆறிலிருந்து ஏழு வரை

ஒரு கட்டு முருங்கைக்கீரையை உருவ இவ்வளவு நேரம் ஆகாதுதான், வேறு நேரமாக இருந்தால் சுகந்தி கால் மணியில் முடித்துவிட்டு எழுந்திருப்பாள், ஆனால் ஆறு மணி ஆகிவிட்டது, இனி ஏழு மணி வரைக்கும் சமையலறையை விட்டு அவள் வெளியே போக முடியாது, அதனால் இணுக்கு இணுக்காக எடுத்து, பழுப்பைத் தள்ளி, பூவை ஒதுக்கி, பூவுக்குள் புழு இருக்கிறதா என்றுகூட விரித்துப் பார்த்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். போகக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அவளேதான் சட்டம் போட்டாள். "அந்த ஒரு மணி நேரம் போன் உன்னோடது, ஹால் உன்னோடது, நான் வர மாட்டேன், ஒட்டுக் கேக்கவும் மாட்டேன்" என்று மகளிடம் கைமேல் கை வைத்துச் சொன்னபோது, இந்த வீட்டில் சமையலறையிலிருந்து எங்கே போக வேண்டுமென்றாலும் ஹாலைத் தாண்டித்தான் போக வேண்டும் என்பது அவளுக்கு உறைக்கவே இல்லை. பாத்ரூம் அந்தப் பக்கம். படுக்கையறை அந்தப் பக்கம். காய்ந்த துணி கிடக்கும் பால்கனி அந்தப் பக்கம், மழை வேறு தூறத் தொடங்கிவிட்டது, துணி நனைகிறது, நனையட்டும். இந்தப் பக்கம் ஜன்னல் ஒன்று இருக்கிறது, அதைத் திறந்தால் கை எட்டும் தூரத்தில் பக்கத்து வீட்டுச் சுவர், பூசாத செங்கல், அதில் ஒரு பல்லி. கருமண்டபத்தில் இந்த வாடகைக்கு இதுதான் கிடைக்கும் என்று அவள் கணவன் இளவரசன் சொன்னான், காற்று வரவில்லையே என்றதற்கு எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டிக் கொடுத்தான், அது இப்போது தடதடவென்று ஓடிக்கொண்டிருக்கிறது, ஓடினாலும் புழுக்கம் குறையவில்லை, ஜாக்கெட் முதுகில் ஒட்டுகிறது, எழுந்து முகம் கழுவலாம் என்றால் குழாயைத் திறக்க வேண்டும், குழாயைத் திறந்தால் சத்தத்தில் ஹாலில் பேசுவது கேட்காது. கேட்கக் கூடாது என்பதுதானே சட்டம். தேங்காய் அரைக்க வேண்டியிருக்கிறது, மிக்ஸியைப் போட்டால் ஒன்றுமே கேட்காது, போடலாம், இப்போதே போடலாம். போடவில்லை. கீரையை உருவினாள். கீரைக்குச் சத்தம் கிடையாது.

ஹாலில் பொத்தான்கள் அமுங்கும் சத்தம் வந்தது, கீச் கீச்சென்று, நிலானி எண்களை மனப்பாடமாக அமுக்குகிறாள், அதுவே சுகந்திக்கு ஒரு பெருமை, பதினோரு வயதுப் பெண்ணுக்கு மூன்று வீட்டு எண் மனப்பாடம், இந்தக் காலத்தில் யாருக்குத் தெரிகிறது, இளவரசனுக்கே மனைவியின் நம்பர் தெரியாது. சமையலறை வாசல்வழியாகப் பார்த்தால் அவளுடைய ஒரு கால் மட்டும் தெரியும், செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து காலை நீட்டியிருப்பாள், பெருவிரல் ஆடிக்கொண்டிருக்கும். "ஹலோ, ஷிஃபா!" என்றாள் நிலானி. பெருவிரல் ஆடியது. சுகந்தியின் நெஞ்சில் ஏதோ ஒன்று இளகி உட்கார்ந்தது, அப்பாடா, எடுத்துவிட்டாள், இன்றைக்கும் எடுத்துவிட்டாள். முன்பெல்லாம் "ஆன்ட்டி, வணக்கம், நான் நிலானி பேசறேன், ஷிஃபானா இருக்காளா?" என்று ஆரம்பிப்பாள், அதை சுகந்திதான் சொல்லிக் கொடுத்தாள், பெரியவங்க எடுத்தா முதல்ல நீ யாருன்னு சொல்லணும் என்று, அவளும் பள்ளிக்கூட மேடையில் பேசுகிறவளைப் போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்வாள். இப்போது நேராக ஷிஃபா. அந்தப் பெண்ணே ஓடி வந்து எடுக்கிறாள் போலிருக்கிறது. அப்படித்தான் இருக்கும். பிள்ளைகள் வளர்கிறார்கள், நடுவில் அம்மாக்கள் எதற்கு.

நடுவில் அம்மாக்கள்தான் இதையெல்லாம் ஆரம்பித்தார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால், பிள்ளைகள் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது, பெற்றோர் கூட்டம் முடிந்து பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் வண்டியை எடுக்க வழியில்லாமல் நின்ற நேரத்தில், ஷிஃபானாவின் அம்மா பர்வீனும் ஹர்ஷிதாவின் அம்மாவும் சுகந்தியும் பேசிப் பேசி முடிவுக்கு வந்தார்கள். யாருடைய பெண்ணுக்கும் செல்போன் கிடையாது, பத்தாம் வகுப்பு முடிகிறவரைக்கும் கிடையாது, ஆனால் பிள்ளைகள் பேசிக்கொள்ள வேண்டாமா, ஆளுக்கொரு தெருவில் இருக்கிறார்கள், சாயங்காலம் வெளியே விட பயம், அதனால் மூன்று வீட்டிலும் லேண்ட்லைன் வாங்கிவிடுவது. சொன்னது சுகந்திதான். "அட, நல்லாருக்கே!" என்று பர்வீன் கையைத் தட்டினாள். சந்தன நிறத்தில் ஒரு போன், சுருள் வயரோடு, பெட்டியிலிருந்து எடுத்தபோது நிலானி அதை மடியில் வைத்துத் தடவினாள், "இது எவ்ளோ கனமா இருக்கு!" என்று ஆச்சரியப்பட்டாள், ரிசீவரைத் தூக்கி வைத்துத் தூக்கி வைத்து அந்த ஙொய்யென்ற சத்தத்தைக் கேட்டாள். முதல் சில மாதம் வீடே மாறிப்போனது. ஆறு அடித்தால் மணி அடிக்கும், நிலானி எங்கிருந்தாலும் பறந்து வருவாள், ஒருநாள் சோப்பு நுரையோடே ஓடிவந்தாள். அப்படி என்னதான் பேசினார்கள், கணக்கு மிஸ்ஸுடைய தும்மல், யாரோ தண்ணீர் பாட்டிலில் எழுதிவைத்த பெயர், இரண்டு பேரும் அவரவர் வீட்டில் ஒரே நேரத்தில் ஒரு மாரி பிஸ்கட்டைக் கடித்து யார் கடித்த சத்தம் பெரிது என்று பந்தயம். சுகந்தி இதே இடத்தில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருக்கிறாள். நான் ஜெயித்துவிட்டேன் என்றுகூட நினைத்திருக்கிறாள். யாரை ஜெயித்தாளோ.

"பிஸ்தா குட்டி போட்டுச்சா இல்லையா, அதச் சொல்லு மொதல்ல!" என்றாள் நிலானி. பிஸ்தா என்பது ஷிஃபானா வீட்டுப் பூனை, ஒரு மாதமாக இந்த வீட்டில் சாப்பாட்டு நேரத்துப் பேச்சே அந்தப் பூனைதான், பால் பாக்கெட்டைக் கிழித்தது, பர்வீனுடைய அண்ணன் மடியில்தான் தூங்கும், அவர் எழுந்து போனால் சாப்பிடாது, அதை நிலானி நடித்துக் காட்டுவாள், இளவரசன்கூட சிரித்துவிட்டு "நம்ம வீட்டுக்கு ஒரு குட்டி கேளேன்" என்றான். நல்லதுதானே. எல்லாம் நன்றாகத்தானே போகிறது. பின்னே ஏன் காலையிலிருந்து பர்வீன் சொன்னது தொண்டையில் மீன் முள் மாதிரி நிற்கிறது. பள்ளிக்கூட வாசலில் நிலானி மறந்துவிட்டுப் போன டிபன் பாக்ஸைக் கொடுக்கப் போனபோது பர்வீன் ஸ்கூட்டியைத் திருப்பிக்கொண்டிருந்தாள், ஹெல்மெட்டைக் கழற்றாமலே, "சுகந்தி, எப்படி இருக்கீங்க, நிலானி நல்லாருக்காளா, சத்தமே காணோமே!" என்றாள், சுகந்தி பதில் சொல்வதற்குள் பின்னால் வேன்காரன் ஹாரனை அழுத்தினான், பர்வீன் கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். சத்தமே காணோமே. அது எல்லோரும் எல்லோரிடமும் சொல்வதுதானே. ரொம்ப நாள் பார்க்காவிட்டால் சொல்வது. நீங்கள் வீட்டுப்பக்கம் வரவில்லையே என்று அர்த்தம். நிலானி சத்தமே காணோமே என்றாளா, உங்க சத்தமே காணோமே என்றாளா, ஹெல்மெட்டுக்குள்ளிருந்து வந்த குரல், நிலானி நல்லாருக்காளா என்பதற்கு அடுத்து வந்ததால் நிலானியின் சத்தமாகத் தோன்றுகிறது, அவ்வளவுதான். பர்வீன் இப்போது வேலைக்குப் போகிறாள், வீட்டுக்கு வரவே ஆறரை ஏழு ஆகிவிடும், பெண் போனில் பேசுவது அவளுக்கு எப்படித் தெரியும். அதுதான். சுகந்தி ஒரு இணுக்கை எடுத்தாள். இலை முழுக்க ஏற்கெனவே உருவியிருந்தது, வெறும் காம்பு.

ஆனால் ஹர்ஷிதாவுக்குச் செல்போன் வாங்கிவிட்டார்கள் என்பது பொய்யில்லை. ஆறாம் வகுப்பு விடுமுறையில் அவளுடைய அப்பா துபாயிலிருந்து கொண்டுவந்துவிட்டார், அவள் அம்மா "நான் என்ன செய்யறது சொல்லுங்க, அவரு ஆசையா வாங்கிட்டு வந்துட்டாரு" என்று மன்னிப்புக் கேட்கிற மாதிரி சொன்னாள். அரையாண்டு முடிந்ததும் ஷிஃபானாவுக்கும் அவளுடைய மாமாவின் பழைய போன். பர்வீன் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, "எத்தனை நாளைக்குத்தான் பிடிச்சு வெக்கறது" என்று சிரித்தாள். ஹர்ஷிதாவின் பிறந்தநாளுக்கு நிலானியை விட்டுவிட்டு, திரும்பக் கூப்பிட வந்தபோது சுகந்தி கொஞ்சம் சீக்கிரமே வந்துவிட்டாள், அதுதான் தப்பு, சொன்ன நேரத்துக்கு வந்திருந்தால் அந்தக் காட்சியைப் பார்த்திருக்க மாட்டாள். சோபாவில் வரிசையாகப் பிள்ளைகள். எல்லார் தலையும் குனிந்திருந்தது. ஒருத்தி எதையோ அனுப்ப, சோபாவின் அந்த முனையில் இன்னொருத்தி குபுக்கென்று சிரித்தாள், அந்தச் சிரிப்பு இங்கிருந்து அங்கே காற்றில் போகாமல் வேறு வழியில் போயிற்று. நடுவில் நிலானி. ஷிஃபானாவின் தோளுக்கு மேலாகக் கழுத்தை நீட்டிப் பார்த்தாள், ஷிஃபானா திருப்பிக் காட்டினாள், கெட்ட பெண் இல்லை, காட்டத்தான் செய்தாள், ஆனால் அடுத்தது வந்ததும் அவள் கை தானாக உள்ளே திரும்பிக்கொண்டது. நிலானி சிரித்துக்கொண்டே இருந்தாள். எல்லாரும் சிரிக்கும்போது சிரித்தாள், எதற்கென்று தெரியாமல், அரை நொடி பிந்தி. பிறகு எழுந்துபோய் மீன்தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்ற சுகந்திக்கு உள்ளே போவதா, திரும்பிப் போய்விட்டு வருவதா என்று தெரியவில்லை. வண்டியில் வரும்போது முதுகுக்குப் பின்னாலிருந்து, "அம்மா, லேண்ட்லைன்ல எமோஜி போட முடியாதுல்ல" என்றாள் நிலானி, சொல்லிவிட்டு ஜோக் சொன்னவளைப் போலச் சிரித்தாள். எனக்கும் வேணும் என்று சொல்லவில்லை. அன்றைக்கு மட்டுமில்லை, என்றைக்குமே கேட்டதில்லை. அழுது புரண்டு கேட்கிற பிள்ளையாக இருந்தால் பரவாயில்லை, அதட்டலாம், அடிக்கக்கூடச் செய்யலாம், அப்புறம் கட்டிக்கொள்ளலாம். கேட்காத பிள்ளையை என்ன செய்வது.

"வாங்கிக் குடுத்துட்டுப் போயேன் சுகந்தி" என்கிறான் இளவரசன். துவாக்குடியில் வெல்டிங் பட்டறைகளுக்கு நடுவே நாள் பூராவும் நின்றுவிட்டு வருகிறவனுக்கு, வீட்டில் இதற்கெல்லாம் ஒரு சண்டை வேண்டுமா என்று. "ஊர்ல எல்லாப் பிள்ளையும் வெச்சிருக்கு. எல்லாரும் கெட்டாப் போயிட்டாங்க?" கல்யாணத்துக்கு முன்னால் அவளுக்குச் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை என்றுதான் அவனுக்குத் தெரியும், அவள் அப்பாவுக்கும் அவ்வளவுதான் தெரிந்திருந்தது. சோழிங்கநல்லூரில் கண்ணாடி கண்ணாடியாக ஒரு கட்டடம், ஏழாவது மாடி, ஏசி குளிரில் சால்வை போர்த்திக்கொண்டு, காதில் ஹெட்போனோடு, உலகம் பூராவும் யார் யாரோ புகார் செய்த வீடியோக்களைப் பார்க்க வேண்டும், இருக்கலாமா கூடாதா, அமுக்கு, அடுத்தது. வெளியே சொல்லக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள், வாங்காவிட்டாலும் சொல்லியிருக்க மாட்டாள், எந்த வாயால் சொல்வது. கொடூரமானதெல்லாம் மறந்துவிட்டது, அது எப்படியோ மறந்துவிடுகிறது, மறக்காமல் நிற்பது ஒரு பெண். பள்ளிக்கூட யூனிஃபார்ம், இரட்டைப் பின்னல், ஒரு பக்கத்து ரிப்பன் அவிழ்ந்திருந்தது. தமிழ்ப் பெண்ணா தெரியாது, பேசவே இல்லை. அழுதுகொண்டிருந்தாள், அவ்வளவுதான். கூடப் படிக்கிறவர்கள் எடுத்துப் போட்டது. கீழே சிரிக்கிற முகங்கள், மஞ்சள் மஞ்சளாக, தலைகீழாகப் பெய்வதுபோல் மேலே ஏறி ஏறிப் போய்க்கொண்டிருந்தன, அதில் ஒவ்வொன்றும் ஒரு பிள்ளை, எங்கேயோ ஒரு வீட்டில் சோபாவில் உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளை. சுகந்தி அதைத் தளத்திலிருந்து எடுத்துவிட்டாள். அடுத்ததும் அதே. வேறு யாரோ திரும்பப் போட்டிருந்தார்கள். அதையும் எடுத்தாள். அன்று சாயங்காலம் வரைக்கும் அந்த ரிப்பன் அவிழ்ந்த பெண் வந்துகொண்டே இருந்தாள், எடுக்க எடுக்க வந்தாள். நிலானி பிறந்த அன்று, பெண் குழந்தை என்று நர்ஸ் சொன்னபோது, சுகந்திக்கு முதலில் நினைவு வந்தது அந்த ரிப்பன். இதையெல்லாம் இளவரசனிடம் சொன்னால் அவன் கேட்டுக்கொள்வான், பாவம், தலையைத் தடவுவான், அப்புறம், அது எங்கேயோ ஒரு பிள்ளை என்பான். எங்கேயோ ஒரு பிள்ளை. நம் பிள்ளை சிரிக்கப்படுகிற பிள்ளையாக இருக்குமோ என்று மட்டுமா பயம், மீன்தொட்டிக்குப் பக்கத்தில் நிற்கும் பிள்ளை நாளைக்கு அந்தச் சோபாவில் இடம் கிடைத்தால் யாரைப் பார்த்து எந்த மஞ்சள் முகத்தைப் போடுவாள் என்பதும்தானே பயம். கொடுத்தால் அது. கொடுக்காவிட்டால் இது. கீரை உருவி உருவி விரல் நுனி பச்சையாகிவிட்டது, முகர்ந்து பார்த்தால் கசப்பு.

மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் பக்கத்தில் அவளுடைய போன் அதிர்ந்தது. அதை எப்போதும் அங்கேதான் வைப்பாள், மகள் கண்ணில் படக் கூடாது என்று, திருடி ஒளித்துவைத்த மாதிரி. எழுந்து பார்த்தாள். வகுப்புக் குழுவில் மிஸ் ஏதோ அனுப்பியிருந்தாள், நாளைக்குப் பச்சை சட்டை போட்டுவர வேண்டுமாம். வீட்டுப்பாடம் அதில்தான் வரும், லீவு அதில்தான் வரும், பச்சை சட்டையும் அதில்தான் வரும், எல்லாப் பிள்ளைகளும் தாமாகப் பார்த்துக்கொள்கிறார்கள், நிலானிக்கு மட்டும் அம்மா சொல்லித் தெரிய வேண்டும். கட்டைவிரல் தானாக மேலே தள்ளியது, யாருடைய வளைகாப்போ, யாரோ ஆற்றுப்பாலத்தில் எடுத்த சூரியன், கழுத்து நகை ஒன்று, தள்ளுபடி, மறுபடி வளைகாப்பு, எவ்வளவு நேரம் நின்றாளோ, சட்டென்று நினைவு வந்து கவிழ்த்து வைத்தாள். "உனக்கு மட்டும் எதுக்கும்மா?" என்று ஒருமுறை நிலானி கேட்டாள், சண்டைக்கு இல்லை, சும்மா தெரிந்துகொள்ள. "பெரியவங்களுக்கு வேலை இருக்குல்ல பாப்பா." நிலானி தலையை ஆட்டினாள். நம்பின மாதிரி ஆட்டினாள். அந்தப் பெண் எதற்குமே அப்படித்தான் ஆட்டுவாள், எதிராளியைச் சங்கடப்படுத்தாமல் ஆட்டுவாள், அது யாரிடமிருந்து வந்ததோ, சுகந்தியின் அம்மாவும் இப்படி இல்லை, அவள் மாமியாரும் இப்படி இல்லை.

ஹாலில் சிரிப்பு. "ஐயோ போதும்டி, வயிறு வலிக்குது!" சுகந்தி மறுபடி உட்கார்ந்தாள், சிரிப்பைக் கேட்டு உட்கார்ந்தாள், நல்ல சிரிப்பு, அடிவயிற்றிலிருந்து வருகிற சிரிப்பு, அதைக் கேட்டால் யாருக்கும் புரியும், இதற்குமேல் அந்தப் பிள்ளைக்கு என்ன வேண்டும். நான்தான் இல்லாததையெல்லாம் யோசிக்கிறேன். ஷிஃபானாவிடம் செல்போன் இருந்தும் லேண்ட்லைனில் வந்து பேசுகிறாளே, அது எவ்வளவு பெரிய விஷயம், அடுத்த முறை அந்தப் பெண் வந்தால் நெய் விட்டுக் கேசரி கிண்டிக் கொடுக்க வேண்டும். வெளியே மழை பலத்துவிட்டது. பக்கத்து வீட்டுத் தகரத்தில் கொட்டியது. எங்கோ இடி இறங்கியது, பெரிய இடி, உடனே எல்லாம் நின்றது. எக்ஸாஸ்ட் ஃபேன் இரண்டு சுற்று சுற்றிவிட்டு நின்றது. ஃப்ரிட்ஜின் உறுமல் அடங்கியது. பக்கத்து வீட்டு டி.வி.யில் யாரோ பாதி அழுகையில் நின்றார்கள். கரண்ட் போய்விட்டது. இருட்டில், மழைச் சத்தத்துக்கு நடுவே, நிலானியின் குரல் மட்டும் நிற்காமல் வந்தது. "ம்ம்... ம்ம்... அப்புறம்? ஆமாவா?" நல்லவேளை, போன் இருக்கிறது என்று நினைத்தாள் சுகந்தி. நினைத்த மாத்திரத்தில் கை கீரைக்குள் அப்படியே நின்றது.

போன் இருக்காது. கரண்ட் போனால் போனும் போய்விடும். மாட்டிக் கொடுக்க வந்த ஆள் ஏணியில் நின்றுகொண்டு சொன்னான், "இது பழைய கம்பி போன் இல்ல மேடம், அதோ அந்தப் பெட்டி வழியாத்தான் வரும், பெட்டிக்குக் கரண்ட் இருந்தாத்தான் பேச முடியும், இன்வர்ட்டர் இருந்தா அதுல மாட்டிக்குங்க." இன்வர்ட்டர் இல்லை. வாங்கவே இல்லை. சுகந்தி மெல்ல எழுந்து வாசல்படி வரைக்கும் வந்து எட்டிப் பார்த்தாள், ஹால் சுவரில் அந்தப் பெட்டி, எப்போதும் பச்சைப் பச்சையாகப் புள்ளிகள் மின்னும், ஒரு புள்ளிகூட இல்லை. ஒருவேளை கொஞ்ச நேரத்துக்கு உள்ளே தேங்கியிருக்கும். இஸ்திரிப் பெட்டியில் சூடு நிற்கிற மாதிரி கொஞ்ச நேரம் நிற்கும். நிற்காது. போன வாரம் இளவரசன் பேசிக்கொண்டிருந்தபோது கரண்ட் போய் அந்த நொடியே வெட்டிக்கொண்டதே. "நீ சொல்லு, நான் கேட்டுட்டுத்தான் இருக்கேன்" என்றாள் நிலானி, சொல்லிவிட்டு நிறுத்தினாள், எதிர்ப்பக்கம் பேசுவதற்கு எவ்வளவு இடம் விட வேண்டுமோ அவ்வளவு இடம் விட்டாள், பிறகு சிரித்தாள். அதே சிரிப்பு. கரண்ட் இருந்தபோது சிரித்த அதே சிரிப்பு, ஒரு பொட்டும் மாறவில்லை. அப்படியானால் அதுவும். சுகந்தி கதவுநிலையைப் பிடித்துக்கொண்டாள். இன்றைக்கு மட்டும்தானா, நேற்றைக்குமா, போன வாரம் ஷிஃபானாவுக்குக் காய்ச்சல் என்றாளே, பார்லி தண்ணி குடிக்கச் சொன்னேன் என்றாளே, அந்தக் காய்ச்சல் யாருக்கு வந்தது. அந்தப் பூனை. மடியில்தான் தூங்கும், எழுந்து போனால் சாப்பிடாது. அந்தப் பூனைகூடவா. சத்தமே காணோமே என்று பர்வீன் கேட்டது அதைத்தான், அதை மட்டும்தான். பொத்தான்களை அமுக்கினாளே, எந்த எண்ணை அமுக்கினாள், இல்லை, அமுக்குகிற சத்தம் சமையலறை வரைக்கும் கேட்க வேண்டும் என்று அமுக்கினாளா. யாருக்காக. தனியாக இருந்து விளையாடுகிற பிள்ளை இவ்வளவு சத்தமாகப் பேசாது, சமையலறைக்குக் கேட்கிற மாதிரி சிரிக்காது. சாப்பாட்டு நேரத்தில் நடித்துக் காட்டியபோது அவள் பார்த்துக்கொண்டே இருந்தது அம்மாவின் முகத்தைத்தானே, அம்மா சிரிக்கிறாளா, அம்மாவுக்கு நிம்மதியா என்று. கேட்காத பிள்ளை. கேட்டால் அம்மா இரண்டு பக்கமும் போக முடியாமல் மாட்டிக்கொள்வாள் என்று தெரிந்துகொண்டு, கேட்காமலிருக்க இப்படி ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்ட பிள்ளை. இப்போது ஹாலுக்குப் போனால் தனக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்துவிடும். போகாவிட்டால் நாளைக்கும் ஆறு மணிக்கு இது நடக்கும், நாளன்றைக்கும், பத்தாம் வகுப்பு முடிகிறவரைக்கும். பின்னால் ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே சுவர்.

கால் தட்டி, ஓரத்தில் வைத்திருந்த பித்தளை அடுக்கு சரிந்து உருண்டது. ஹாலில் பேச்சு நின்றது.

"அம்மா?"

"ம்."

"கரண்ட் போயிடுச்சு."

"ஆமா பாப்பா." குனிந்து அடுக்கைத் தடவி நிமிர்த்தி வைத்தாள். "யாரு போன்ல?"

"ஷிஃபாதாம்மா. உன்னைக் கேட்டா."

"நானும் கேட்டேன்னு சொல்லு."

"அம்மாவும் உன்னைக் கேட்டாங்க ஷிஃபா" என்றாள் நிலானி போனுக்குள், மரியாதையாக.

இதோடு முடித்துக்கொண்டிருக்கலாம். மெழுகுவத்தி எங்கே என்று தேடப் போயிருக்கலாம், மகள் ரிசீவரை வைத்துவிட்டு எழுந்து வந்திருப்பாள், கரண்ட் வந்திருக்கும், ராத்திரி முருங்கைக்கீரைப் பொரியலோடு பூனைக்குட்டிகளின் கதையும் தட்டுக்கு வந்திருக்கும். சுகந்தி தான் போட்ட சட்டத்தைத் தாண்டி ஹாலுக்குள் கால் வைத்தாள். இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டே போய், செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், மகளை ஒட்டித் தரையில் உட்கார்ந்தாள். நிலானி நகரவில்லை. ரிசீவர் இன்னும் காதில்தான் இருந்தது, விட்டால் என்ன ஆகுமோ என்பதுபோல இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"என்கிட்டக் குடேன், நானும் ஒரு வார்த்தை பேசறேன்" என்றாள் சுகந்தி.

அந்தக் கைகள் உடனே கொடுக்கவில்லை. பிறகு கொடுத்தன. ரிசீவர் ரொம்ப நேரம் காதில் இருந்த சூட்டோடு இருந்தது, வியர்வை ஈரம்கூட இருந்தது. சுகந்தி அதைக் காதில் வைத்தாள். ஙொய்யென்ற சத்தம் இல்லை, இரைச்சல் இல்லை, ஒன்றுமே இல்லை. இவ்வளவு பெரிய ஒன்றுமில்லாததை வைத்துக்கொண்டா இந்தப் பிள்ளை சிரித்தது. ஷிஃபானா, ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாம்மா என்று சொல்லலாம், நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது, சொன்னால் இருவரும் சேர்ந்து அந்தப் பூனையை வளர்க்கலாம், ஒருவருக்கொருவர் காவலாக. நிலானி இருட்டில் தன் முகத்தைத்தான் பார்க்கிறாள் என்று தெரிந்தது.

"என்னம்மா சொல்றா?" என்று கேட்டாள் நிலானி. மெல்ல, பரீட்சை பேப்பரைத் திருப்பிப் பார்க்கிறவளைப் போல.

சுகந்தி ரிசீவரைக் காதிலிருந்து எடுத்தாள்.

"ஒண்ணும் கேக்கலை பாப்பா."

மழை கொட்டிக்கொண்டே இருந்தது. நிலானி முழங்கால்களை மடக்கிக்கொண்டாள், தாடையை அதன்மேல் வைத்துக்கொண்டாள், கொஞ்ச நேரம் கழித்துத் தலை சாய்ந்து அம்மாவின் தோளில் வந்து முட்டியது.

"எனக்கும்தாம்மா" என்றாள். "ரொம்ப நாளா."

சுகந்தி ஒரு கையால் அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். இன்னொரு கையில் இருந்த ரிசீவரை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.